ஓவட்டானா வங்கிக்கு ஏன் தூண்கள் இல்லை

1981-இல் அமெரிக்க அஞ்சல் துறை தன் நாட்டுக் கட்டடக் கலையைச் சிறப்பிக்க நான்கு தபால்தலைகளை வெளியிட்டது. ஒவ்வொன்றும் 18 சென்ட். மூன்று தபால்தலைகளில் இருந்தவை எவரும் ஊகிக்கக்கூடியவைதான்: நியூயார்க் பல்கலைக்கழகத்தின் நூலகம், வட கரோலினாவின் பில்ட்மோர் மாளிகை, சான் ஃபிரான்சிஸ்கோவின் கலை அரண்மனை. நான்காவதில் இருந்தது ஓவட்டானா என்ற சிற்றூரின் வங்கி.

மின்னசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போனால் ஓவட்டானா வரும். சுற்றிலும் பண்ணைகள், பால் மாடுகள், வெண்ணெய்த் தயாரிப்பு. 1908-இல் வங்கி திறந்தபோது ஊரின் மக்கள்தொகை ஐயாயிரத்துச் சொச்சம். அந்த ஊர் விவசாயிகளின் பணத்தை வைத்திருந்த நேஷனல் ஃபார்மர்ஸ் பாங்க், அக்கம்பக்கத்துக் கட்டடத்தோடு சேர்த்து, சுமார் 1,25,000 டாலர் செலவழித்துத் தனக்கு ஒரு கட்டடம் எழுப்பிக்கொண்டது. வரைந்தவர் லூயிஸ் சல்லிவன். வானளாவிகளுக்கு உருவம் கொடுத்த சிகாகோக்காரர். செயிண்ட் லூயிஸில் வெயின்ரைட் கட்டடம், பஃபலோவில் கேரண்டி கட்டடம் எல்லாம் அவர் கைவண்ணம். அப்படிப்பட்டவர் ஒரு பால்பண்ணை ஊருக்கு ஏன் வந்தார் என்பதும், அந்த ஊர் வங்கிக்கு இவ்வளவு பெரிய கட்டடம் ஏன் தேவைப்பட்டது என்பதும் ஒன்றோடொன்று பின்னிய கேள்விகள். இரண்டாவதிலிருந்து தொடங்குவது எளிது.

அன்றைய அமெரிக்க வங்கி, இன்று நாம் நினைக்கும் வங்கி அல்ல. தலைமையகம் ஒரு பெருநகரில், கிளைகள் நாடெங்கும் என்ற அமைப்பே கிடையாது. கூட்டாட்சி அரசின் உரிமம் பெற்ற தேசிய வங்கிகள் கிளை திறக்க முடியாத நிலை. பல மாநிலங்களும் தங்கள் உரிமம் பெற்ற வங்கிகளுக்கு அதே கட்டுப்பாட்டை வைத்திருந்தன. ஆகவே ஒவ்வோர் ஊருக்கும் தனி வங்கி; சில ஊர்களுக்கு இரண்டு மூன்று. 1900 மார்ச்சில் வந்த தங்கத் தர நிர்ணயச் சட்டம் இன்னொரு கதவைத் திறந்துவிட்டது. மூவாயிரம் பேருக்கு மேற்படாத ஊரில் தேசிய வங்கி தொடங்கக் குறைந்தபட்ச மூலதனம் 50,000 டாலர் என்று இருந்ததை 25,000 ஆக்கினார்கள். அப்புறம் என்ன, தெருவுக்குத் தெரு வங்கி. 1921 வாக்கில் நாட்டில் ஏறத்தாழ 30,000 வங்கிகள். இருபது ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த வங்கிகளில் போட்ட பணத்துக்குப் பெரும்பாலும் எந்த உத்தரவாதமும் இல்லை. வங்கி திவாலானால் டெபாசிட் போனது போனதுதான். மிச்சச் சொத்தை விற்று எவ்வளவு தேறுகிறதோ அவ்வளவுதான் கைக்கு வரும். ஊர் வங்கி கடன் கொடுத்ததெல்லாம் அதே ஊர் விவசாயிகளுக்கு. ஒரு வருடம் விளைச்சலோ விலையோ பொய்த்தால் எல்லாக் கடனும் ஒரே நேரத்தில் வாராக்கடன். இது டெபாசிட் போட்டவர்களுக்கும் தெரியும். அதனால் 'அந்த பாங்க் ஆட்டம் காண்கிறதாம்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், மறுநாள் காலை வாசலில் வரிசை நிற்கும். நல்ல வங்கியையும் அந்த வரிசையே கவிழ்த்துவிடும், ஏனென்றால் எந்த வங்கியும் போட்ட பணம் முழுவதையும் பெட்டியில் வைத்திருப்பதில்லை.

கணக்கு வழக்கைப் புரட்டிப் பார்த்து வங்கியை எடைபோட விவசாயியால் முடியாது. அவர் கண்ணால் பார்க்கக்கூடியவை இரண்டு: வங்கி நடத்தும் ஆள், வங்கி இருக்கும் கட்டடம். ஆள் செத்துப்போகலாம், ஊரை விட்டு ஓடியும் போகலாம். கட்டடம் ஓடாது. 'இவ்வளவு கல்லைக் கொண்டுவந்து இறக்கியவர்கள் இரவோடு இரவாகக் கிளம்பிவிட மாட்டார்கள்' என்ற எண்ணத்தை விதைப்பதுதான் சிற்றூர் வங்கிக் கட்டடத்தின் முதல் வேலை. பணத்தைப் பாதுகாப்பது இரண்டாவது வேலை என்றுகூடச் சொல்வேன்.

இந்தப் புத்தி ஆரம்பத்திலேயே வந்துவிடவில்லை. ஓவட்டானாவுக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில் நார்த்ஃபீல்டு என்ற ஊர். அங்கே ஃபர்ஸ்ட் நேஷனல் பாங்க் இருந்தது சொந்தக் கட்டடத்தில் அல்ல. ஸ்கிரைவர் என்பவரின் கல் கட்டடத்தில், கடைகளுக்கு நடுவே, ஒரு பகுதியில். 1876 செப்டம்பர் 7-ஆம் தேதி ஜெஸ்ஸி ஜேம்ஸும் யங்கர் சகோதரர்களும் அடங்கிய எட்டுப் பேர் கும்பல் கொள்ளையடிக்க வந்தது இந்த வங்கிக்குத்தான். உள்ளே போன மூன்று பேரிடம், பெட்டகத்தில் நேரப்பூட்டு போட்டிருக்கிறது, இப்போது திறக்க முடியாது என்று பிடிவாதமாகச் சொன்னார் ஜோசப் லீ ஹேவுட் என்ற பொறுப்புக் காசாளர். உண்மையில் பெட்டகம் பூட்டப்படாமலே கிடந்தது. அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தெருவில் ஊர்க்காரர்கள் துப்பாக்கியோடு கூடிவிட, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. கும்பலுக்குக் கிடைத்தது 26 டாலர் 70 சென்ட்.

ஹேவுட் சொன்ன பொய் எடுபடக் காரணம், அப்படி ஒரு பூட்டு உண்மையிலேயே சந்தைக்கு வந்திருந்ததுதான். 1873-இல் ஜேம்ஸ் சார்ஜென்ட் கடிகாரத்தோடு இணைந்த நேரப்பூட்டைக் கொண்டுவந்தார். குறித்த நேரம் வரும்வரை மேலாளரே வந்தாலும் திறக்காது. ஆகவே நள்ளிரவில் மேலாளர் வீட்டுக்குப் போய் அவர் கழுத்தில் கத்தி வைப்பதில் பயன் இல்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில் வங்கியின் உள்ளமைப்பையே மாற்றியவை இந்தப் பூட்டும், அதற்குப் பின்னால் வந்த கனத்த எஃகுக் கதவுகளும்தான். முன்பு பெட்டகம் பின்னறையில் ஒளிந்திருக்கும். இப்போது அது காட்சிப்பொருள். உள்ளே நுழைகிறவர் கண்ணில் நேராகப் படும்படி, கதவு திறந்த நிலையில், அதன் தடித்த தாழ்ப்பாள் உருளைகள் பளபளக்க நிற்கும்.

கட்டடத்துக்கு வெளிப்புறம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அன்றைய வங்கியாளர்களுக்குப் பெரிய குழப்பம் இல்லை. 1824-இல் பிலடெல்பியாவில் வில்லியம் ஸ்டிரிக்லேண்ட் கட்டி முடித்த இரண்டாம் அமெரிக்க ஐக்கிய நாட்டு வங்கி, ஏதென்ஸின் பார்த்தினானை அப்படியே முகப்பாக வைத்திருந்தது. எட்டு தூண்கள், மேலே முக்கோணம். அதிலிருந்து வங்கி என்றால் கிரேக்கக் கோயில் என்று ஆயிற்று. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி இந்த மோகத்தை நாடெங்கும் பரப்பியது. ஏரிக்கரையில் வெள்ளைப் பூச்சுடன் வரிசையாக நின்ற ரோமானிய, கிரேக்கப் பாணி அரங்குகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், தங்கள் நூலகம், நீதிமன்றம், தபால் நிலையம், வங்கி எல்லாமே அப்படி இருக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். சுண்ணாம்புக்கல்லுக்குக் காசு இல்லையா? சுடுமண்ணில் கருங்கல் நிறப் பூச்சுப் போட்டுத் தூண் செய்து தர ஆலைகள் இருந்தன. முன்பக்கம் மட்டும் தூண். பக்கவாட்டிலும் பின்னாலும் சாதாரணச் செங்கல். அமெரிக்கச் சிற்றூர்களின் பிரதான வீதிகளில் இன்றும் நிற்கும் பழைய வங்கிகளில் பெரும்பகுதி இந்த ரகம்தான்.

அதே 1893 கண்காட்சியின் பெரிய அரங்குகளில் ஒன்று மட்டும் வெள்ளையாக இல்லை. போக்குவரத்து அரங்கு. பல வண்ணச் சுவர்கள், அடுக்கடுக்கான பொன்னிற வளைவுகள் கொண்ட வாசல். அதைச் செய்தவர் சல்லிவன். மற்ற அரங்குகள் அமெரிக்கக் கட்டடக் கலைக்குச் செய்த கேடு ஐம்பது ஆண்டுகளுக்கு நீடிக்கும் என்று பிற்காலத்தில் அவர் கசப்போடு எழுதினார். கசப்புக்குச் சொந்தக் காரணமும் உண்டு. அந்த ஆண்டு தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் வேலை வறண்டது. 1895-இல் கூட்டாளி டாங்க்மர் அட்லர் பிரிந்து போனார். வாடிக்கையாளர்களிடம் பேசிப் பழகி வேலை பிடித்து வந்தவர் அட்லர்தான். சல்லிவனுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை, குடிப்பழக்கம் வேறு. நாற்பது வயதுக்குள் உச்சத்தைத் தொட்டவருக்கு ஐம்பது வயதில் கையில் வேலையே இல்லை.

இந்த இடத்தில்தான் கார்ல் பென்னட் வருகிறார். நேஷனல் ஃபார்மர்ஸ் பாங்கின் துணைத் தலைவர். ஹார்வர்டில் படித்தவர், இசையில் வாழ ஆசைப்பட்டு, குடும்பத் தொழிலுக்காக ஊர் திரும்பியவர். பழைய கட்டடம் போதவில்லை, புதிது வேண்டும். அவர் அணுகிய கட்டடக் கலைஞர்கள் புத்தகத்தில் இருப்பதையே எடுத்து நீட்டினார்கள். வங்கியின் தொழில் கட்டடத்தில் தெரிய வேண்டும், நூலகம் என்றோ தபால் நிலையம் என்றோ மயங்கும்படி இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். அந்தச் சமயத்தில், 1906-இல், ஒரு பத்திரிகையில் சல்லிவன் எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. கடிதம் போட்டார். சல்லிவன் வந்தார்.

வந்து அவர் கொடுத்ததில் தூணும் இல்லை, முக்கோணமும் இல்லை. ஒரு பக்கம் 68 அடி அளவுள்ள கனசதுரம் போன்ற ஒரு பெட்டி. கீழே செந்நிற மணற்கல் அடித்தளம். அதன்மேல் செங்கல் சுவர். தெருவைப் பார்த்த இரண்டு பக்கங்களிலும் ஆளுக்கொன்றாக ராட்சத அரைவட்ட வளைவு, 36 அடி அகலம். வளைவு முழுவதும் வண்ணக் கண்ணாடி. அதைச் சுற்றி நீலக் கண்ணாடித் துண்டுகளால் ஆன மொசைக் பட்டையும் பச்சைச் சுடுமண் பட்டையும் சட்டம் போட்ட மாதிரி ஓடுகின்றன. மேல் மூலைகளில் இலையும் கொடியும் சுழன்று பின்னிய பெரிய சுடுமண் முத்திரைகள். உச்சியில் செங்கல்லையே வரிசை வரிசையாக வெளியே தள்ளி அடுக்கிய விளிம்பு. தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றே விஷயங்கள்தான்: பெட்டி, வளைவு, சட்டம். கிட்டே போனால் பார்த்து முடியாது.

செங்கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அச்சில் அழுத்தி வழவழப்பாகச் செய்த, எல்லாம் ஒரே நிறமான செங்கல்தான் அதுவரை உயர்ந்த சரக்கு. சல்லிவன் எடுத்தது வேறு. களிமண் பாளத்தைக் கம்பியால் அறுக்கும்போது மேற்பரப்பில் சொரசொரப்பு விழும். சூளையில் எந்த இடத்தில் வைத்தார்கள் என்பதைப் பொறுத்துச் சிவப்பு, பழுப்பு, ஊதா, கருமை என்று நிறம் மாறும். இதையெல்லாம் கழித்துக் கட்டாமல் கலந்து அடுக்கினால் சுவர் நெய்த கம்பளம் போல் ஆகிவிடுகிறது. வெயில் நகர நகர நிறமும் நகரும். பின்னாளில் இந்தச் செங்கல்லுக்காகவே அவர் ஒரு கட்டுரை எழுதினார்.

சுடுமண் வேலை எப்படி நடந்தது என்பதும் சுவையான சங்கதி. காகிதத்தில் வரைந்தவர் பெரும்பாலும் சல்லிவன் அல்ல. அவரிடம் இருபது ஆண்டு வேலை பார்த்த ஜார்ஜ் கிராண்ட் எல்ம்ஸ்லி. அந்த வரைபடத்தைக் கையால் களிமண்ணில் வடித்தவர் நார்வேயிலிருந்து வந்த கிறிஸ்டியன் ஷ்னைடர். சுட்டால் சுருங்கும் என்பதால் மாதிரியைச் சற்றுப் பெரிதாகவே செய்ய வேண்டும். அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு. அச்சில் களிமண்ணை அழுத்தி எடுத்து, காயவைத்து, பூச்சுக் கொடுத்து, சூளையில் வைப்பார்கள். ஒரே அச்சிலிருந்து எத்தனை துண்டு வேண்டுமானாலும் எடுக்கலாம். அதனால்தான் சிற்றூர் வங்கியால் இந்த அலங்காரத்துக்குக் காசு கொடுக்க முடிந்தது. கல்லில் செதுக்கச் சொல்லியிருந்தால் கட்டுப்படியாகியிருக்காது. கண்ணாடி லூயி மில்லே என்பவருடையது. எல்லாரும் சிகாகோவின் பழைய கூட்டம். 'சல்லிவனின் கட்டடம்' என்று ஒரே பெயரில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எல்ம்ஸ்லியின் பங்கை அப்படி ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த முகப்பின் ஒட்டுமொத்த உருவத்திலும் அவர் கை இருக்கிறது என்பதைப் பல ஆய்வாளர்கள் இன்று ஏற்கிறார்கள்.

உள்ளே போனால் ஒரே பெரிய கூடம். மேலிருந்தும் வளைவுகளிலிருந்தும் வரும் ஒளி வண்ணக் கண்ணாடி வழியே பச்சையும் பொன்னுமாக இறங்குகிறது. கூடத்தில் நான்கு வார்ப்பிரும்பு விளக்குக் கொத்துகள், ஒவ்வொன்றும் இரண்டே கால் டன். கண்ணாடி வளைவுகளுக்கு எதிர்ச்சுவர்களில் அதே அளவு வளைவுக்குள் ஆஸ்கர் கிராஸ் வரைந்த ஓவியங்கள்: ஒன்றில் மேயும் மாடுகள், இன்னொன்றில் அறுவடை. ஏதென்ஸும் ரோமும் எங்கும் இல்லை. பணம் போட வரும் விவசாயி தன் மாட்டையும் தன் வயலையும் பார்க்கிறார். இந்த உட்புறத்தின் வண்ணங்களை இசை அமைப்பது போல அமைக்க வேண்டும் என்று சல்லிவன் பென்னட்டுக்குக் கடிதம் எழுதினார். இசைக்காரரிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்கு அந்த ஒரு தடவையாவது தெரிந்திருந்தது!

அறைகளின் அமைப்பு இன்னும் கவனிக்க வேண்டியது. விவசாயிகள் வந்து உட்கார்ந்து ஒருவரோடொருவர் வியாபாரம் பேச ஓர் அறை. பெண்களுக்குத் தனியாக ஓர் அறை. பண்ணையிலிருந்து குதிரைவண்டியில் குடும்பத்தோடு வருகிறவர்கள் ஊரில் தங்கி இளைப்பாற வேறு இடம் இருக்காது என்பதால் அன்று பல வங்கிகள் இந்த வசதியைச் செய்துகொடுத்தன. பெட்டகம் கூடத்தின் நேர் எதிரே, எல்லாரும் பார்க்க. வங்கி அதிகாரிகளின் மேசைகளும் மறைவில் இல்லை. ஜனநாயக நாட்டு வங்கியில் ஒளிக்க எதுவும் இருக்கக் கூடாது என்பது சல்லிவனின் கொள்கை. கிரேக்கத் தூண் வைத்த வங்கியாளர்களும் இவரும் தேடியது ஒன்றைத்தான், மக்களின் நம்பிக்கையை. அவர்கள் அதைப் பிரமிப்பால் பெறப் பார்த்தார்கள். இவர் திறந்து காட்டிப் பெறப் பார்த்தார். எது அதிகம் பலித்தது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

கட்டடம் புகழ் பெற்றது, கட்டியவர் நிலை தேறவில்லை. திறப்புக்கு அடுத்த ஆண்டே, 1909-இல், சல்லிவன் தன் புத்தகங்களையும் கலைப்பொருட்களையும் ஏலம் விட்டார். மனைவி பிரிந்து போனார். சம்பளம் கொடுக்க வழியில்லாமல் எல்ம்ஸ்லியையும் அனுப்ப வேண்டியதாயிற்று. அதன்பின் 1919 வரை அவருக்குக் கிடைத்த குறிப்பிடத்தக்க வேலைகளில் பெரும்பகுதி சிற்றூர் வங்கிகள்தான். ஓவட்டானாவோடு சேர்த்து எட்டு என்று எண்ணுவார்கள். கட்டடக் கலை ஆர்வலர்கள் அவற்றுக்கு நகைப்பெட்டிகள் என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

எட்டில் ஒன்று, அயோவா மாநிலம் அல்கோனாவில் உள்ளது, வங்கியாகவே இயங்கியதில்லை. வங்கிக்கென்று திட்டமிட்டு, உரிமம் கிடைக்காமல் நிலம்–கடன் அலுவலகமாகிப்போனது. சீடர் ராப்பிட்ஸில் உள்ளது வெளியே மிக எளிமை, செலவைக் குறைக்கச் சொன்னதன் விளைவு. அயோவாவின் கிரின்னல் வங்கிதான் என் பார்வையில் எட்டிலும் துணிச்சலானது. கிட்டத்தட்ட மொட்டையான செங்கல் பெட்டி. அலங்காரம் முழுவதையும் வாசலுக்கு மேல் ஒரே இடத்தில் கொட்டியிருக்கிறார். வட்டச் சாளரம் ஒன்று, அதைச் சுற்றி வட்டமும் சதுரமும் ஒன்றையொன்று வெட்டிச் சுழலும் சுடுமண் வேலைப்பாடு. ஓவட்டானாவின் நிதானம் இதில் இல்லை. முதல் பார்வையில் சற்று அதிகமாகத்தான் தோன்றும். ஆனால் மறக்க முடியாது.

ஒஹையோ மாநிலம் சிட்னியில் 1918-இல் கட்டி முடித்த கட்டடத்துக்கு ஒரு கதை உண்டு. சல்லிவன் ஊருக்கு வந்து, மனைக்கு எதிர்ப்புறத் தெரு ஓரத்தில் இரண்டு நாள் சிகரெட் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் இயக்குநர்களிடம் போய், வேலை முடிந்தது என்று சொல்லி, அங்கேயே வரைந்து காட்டினாராம். அவர்களில் ஒருவர் நாலு தூண் வைத்தால் நன்றாக இருக்குமே என்று இழுக்க, அதற்கு ஆயிரம் பேர் கிடைப்பார்கள், இதற்கு நான் ஒருவன்தான் என்று காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். கதையில் எவ்வளவு உப்பு, எவ்வளவு காரம் என்பது போகட்டும், அன்றைய வங்கி இயக்குநர் குழுக்கள் எதைக் கேட்டன என்பதற்கு இது நல்ல சாட்சி. கட்டடத்தின் நீல மொசைக் வளைவுக்குள் 'சிக்கனம்' என்ற பொருள்படும் ஒற்றைச் சொல்லை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் பதித்திருக்கிறார். விஸ்கான்சினின் கொலம்பஸ் ஊரில் 1919-இல் முடித்தது கடைசி வங்கி. வாசலுக்கு மேல் சிங்கங்களும், உச்சியில் சிறகு விரித்த கழுகும்.

இதே காலத்தில் சல்லிவனிடம் தொழில் பழகியவர்களும் வங்கி கட்டினார்கள். வேலையை விட்டு வந்த எல்ம்ஸ்லி, பர்செல் என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து 1912-இல் மின்னசோட்டாவின் வினோனாவில் ஒரு வங்கி கட்டினார். ஓவட்டானாவின் வளைவை எடுத்துவிட்டு, எஃகு உத்தரத்தின் கீழ் சுவர் முழுக்க வண்ணக் கண்ணாடி. ஃபிராங்க் லாயிட் ரைட் அயோவாவின் மேசன் சிட்டியில் 1910-இல் வங்கியையும் ஹோட்டலையும் ஒரே கட்டடமாகக் கட்டினார். வங்கிக்கூடத்தின் கீழ்ச்சுவரில் சாளரமே வைக்கவில்லை. தெருவில் நிற்பவன் உள்ளே பார்க்கவும் முடியாது, துப்பாக்கி நீட்டவும் முடியாது. வெளிச்சம் மட்டும் உயரத்தில் வரிசையாக வைத்த சாளரங்கள் வழியே வரும். காசையும் நோட்டையும் கள்ளமா நல்லதா என்று பார்க்கவும், பேரேட்டில் எழுதவும் பகல் வெளிச்சம் அவசியமாயிருந்த காலம். பாதுகாப்புக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான இந்தச் சிக்கலை ஒரே கோட்டில் தீர்த்ததில் ரைட்டின் கட்டடம் மிகவும் கெட்டிக்காரத்தனமானது என்பேன். அழகில் குருவை எட்டவில்லை என்பது வேறு விஷயம்.

சல்லிவனின் அலங்காரத்துக்கு நேர்ந்த கதி வேடிக்கையானது. சிகாகோவின் மிட்லேண்ட் டெரகோட்டா நிறுவனம் அவர் பாணியில் இலை, கொடி, முத்திரைத் துண்டுகளை அச்சடித்துப் பட்டியல் போட்டு விற்றது. ஊர்க் கொத்தனார் வேண்டிய எண்ணைக் குறிப்பிட்டு வரவழைத்து, மளிகைக் கடை முகப்பிலும் கார் பழுதுபார்க்கும் கொட்டகையிலும் பதித்தார். புத்தகத்திலிருந்து எடுக்கும் தூண்களை எதிர்த்தவரின் கைவேலையே கடைசியில் புத்தகத்திலிருந்து எடுக்கும் சரக்காயிற்று. மத்திய மேற்கு அமெரிக்காவில் 'இது சல்லிவன் கட்டியது' என்று ஊர்க்காரர்கள் காட்டும் கட்டடங்கள் சிலவற்றுக்கு மூலம் இந்தப் பட்டியல்தான்.

இனி பலித்ததா என்ற கேள்வி. முதல் உலகப் போரின்போது தானிய விலை ஏறியது. விவசாயிகள் கடன் வாங்கி நிலம் வாங்கினார்கள். வங்கிகள் கேட்ட பேருக்கெல்லாம் கொடுத்தன. 1920-இன் பிற்பகுதியில் விலை சரிந்தது. நிலத்தின் மதிப்பும் கூடவே சரிந்தது. அந்தப் பத்தாண்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிகள் மூடப்பட்டன, பெரும்பாலும் விவசாய ஊர்களில். மேசன் சிட்டி வங்கி 1921-இல் போனது. பென்னட்டின் வங்கி 1926-இல் திவாலானது. அவருடைய சொத்தும் அதோடு போயிற்று. 1930-க்கும் 1933-க்கும் இடையில் மேலும் சுமார் 9,000 வங்கிகள் விழுந்தன. தூண் வைத்ததும் விழுந்தது, வண்ணக் கண்ணாடி வைத்ததும் விழுந்தது. ஒரே ஊரின் ஒரே பயிரை நம்பிய கடன் புத்தகத்தை எந்த முகப்பாலும் காப்பாற்ற முடியவில்லை.

1933-இல் வந்த வங்கிச் சட்டம் டெபாசிட் காப்பீட்டைக் கொண்டுவந்தது. 1934 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 2,500 டாலர் வரை அரசு உத்தரவாதம். அதே ஆண்டின் நடுவில் 5,000 ஆயிற்று. கட்டடம் செய்துவந்த வேலையை ஜன்னலில் ஒட்டிய ஒரு சின்ன அறிவிப்புச் சீட்டு எடுத்துக்கொண்டது. அதன்பின் கட்டிய சிற்றூர் வங்கிகளைப் பாருங்கள்: தாழ்ந்த கூரை, பெரிய கண்ணாடி, பக்கத்தில் காரில் உட்கார்ந்தபடியே பணம் கட்ட ஒரு ஜன்னல். நடுக்கத்தை மறைக்கும் தேவை போனதும் பிரம்மாண்டமும் போய்விட்டது. அமெரிக்க வங்கிக் கட்டடக் கலை ரசனை கெட்டுத் தேய்ந்தது என்று புலம்புகிறவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். அதைத் தேயவைத்தது ரசனைக் குறைவு அல்ல, காப்பீடு.

பழைய கட்டடங்களோ இடிபடவும் இல்லை, சும்மா இருக்கவும் விடப்படவில்லை. ஓவட்டானா கட்டடம் வேறொரு வங்கியின் கைக்கு வந்தது. 1940-இல் நவீனப்படுத்துகிறோம் என்று காசாளர் கூண்டுகளின் வார்ப்பிரும்பு வேலைப்பாடுகளைக் கழற்றிவிட்டார்கள். கூண்டுகளின் துண்டுகள் அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. 1950-களின் கடைசியில் அதே வங்கி புத்தி மாறி, ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸ் என்ற கட்டடக் கலைஞரை அழைத்துச் சீர்படுத்தியது. பழைய வங்கியைப் பழுதில்லாமல் மீட்க ஒரு வணிக நிறுவனம் தானாகக் காசு செலவழிப்பது அன்று அபூர்வம். 1976-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள்.

மேசன் சிட்டிக்கு அவ்வளவு கொடுப்பினை இல்லை. 1926-இல் அதைக் கடைகளாக மாற்றியபோது, ரைட் வேண்டுமென்றே மூடிவைத்த கீழ்ச்சுவரை உடைத்துக் காட்சிச் சாளரங்கள் வைத்தார்கள். கள்வனுக்குத் திறக்காத சுவர் துணிக்கடைக்குத் திறந்தது. ஊர்க்காரர்கள் அமைப்பு ஒன்று பணம் திரட்டி மீட்டெடுக்க, 2011-இல் ஹோட்டல் மறுபடி திறந்தது. ஒஹையோவின் நியூவார்க் ஊர்க் கட்டடம் இறைச்சிக் கடை, நகைக் கடை, ஐஸ்கிரீம் கடை என்று பல அவதாரம் எடுத்து, அப்புறம் புனரமைக்கப்பட்டது. சீடர் ராப்பிட்ஸ் வங்கியை 2008 ஜூன் வெள்ளம் மூழ்கடித்தது; அதன்பின் அது உணவகமாயிற்று. இப்படி மாறும்போதெல்லாம் இடையூறாக நிற்பது பெட்டக அறைதான். காங்கிரீட்டும் எஃகுமாகக் கட்டியதை உடைத்து எடுக்கும் செலவைவிட, உள்ளே மது பாட்டில்களை அடுக்குவதோ, நாலு மேசை போடுவதோ மலிவு.

எட்டில் மிக மலிவாகக் கட்டியது இந்தியானாவின் வெஸ்ட் லஃபயட்டில் உள்ளது. 1914-இல் 14,600 டாலர். இரு சாலைகள் கூராகச் சந்திக்கும் முக்கோண மனையில் நெருக்கிப் பிடித்த சின்னக் கட்டடம். உள்ளே சல்லிவன் வைத்தவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. வெளிச்சுவரிலும் சாளரம் மாற்றி, பணம் எடுக்கும் எந்திரம் பொருத்திவிட்டார்கள். அதன் படத்தைப் போட்டுக் கட்டடக் கலை ஆர்வலர்கள் அங்கலாய்ப்பதைப் பார்க்கலாம். எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. ஓவட்டானாவுக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், பாதுகாக்க ஆள் இருக்கும், தபால்தலையும் கிடைக்கும். வெஸ்ட் லஃபயட்டுக்கு அதெல்லாம் இல்லை. ஓவட்டானாவுக்கு ஆன செலவில் எட்டில் ஒரு பங்குகூட ஆகாத காசில் கட்டிய அந்தக் கட்டடம் நூறாண்டு கடந்தும் பணம் போடவும் எடுக்கவும் ஆட்கள் வரும் இடமாக நீடித்தது. வங்கிக் கட்டடம் என்ற அளவில் அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.